நீலகிரி வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குமுன் அறையை அளந்துவிடுங்கள்

கடையில் கேட்ட ஒலி வீட்டில் இல்லையே என்று வருந்துகிறவர்கள் முதலில் சந்தேகப்படுவது கடைக்காரரை. பிறகு ஆம்ப்ளிஃபையரை. அதற்கும் பிறகு கரண்டை. அறையின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ சுவர்களுக்குத் தடுப்பு வைத்து, நாற்காலியின் இடத்தைக்கூடக் குறித்து வைத்திருந்த கேட்பறையில் ஒலித்த அதே பெட்டிகள்தான் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறிக் குன்னூருக்கு வந்திருக்கின்றன. ஏறி வராதது அந்த அறை.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவது ஒலியின் ஒரு பங்கு. சுவர், தரை, கூரை, ஜன்னல் கண்ணாடி என்று பட்டுத் திரும்பி வருவது மற்றொரு பங்கு. பல வீடுகளில் இதுவே பெரிய பங்கு. இதை முதன்முதலாக முறையாக அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. 1895இல் அதைச் சரிசெய்யும் வேலை இந்த இளம் ஆசிரியர் தலையில் விழுந்தது. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் சுமந்து வந்து அறைக்குள் அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். அறை பெரிதானால் எதிர்முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும் என்ற அவருடைய சூத்திரம் இன்றும் அப்படியே பயன்படுகிறது. நம் ஊர் வீடுகளில் கம்பளியும் கனத்த திரையும் ஏற்கெனவே இருக்கின்றன. அதனால் பாதி வேலை முடிந்ததுபோல் தோன்றும். முடியவில்லை, ஏன் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

அறையின் கை மிகவும் ஓங்கியிருப்பது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளில். விநாடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் (40 ஹெர்ட்ஸ்) அலைநீளம் எட்டரை மீட்டர், அதாவது 28 அடி. நம் ஹாலில் அதற்குக் காலை நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பள்ளி இயற்பியலில் படித்த நிலை அலைகள் ஆகிவிடுகின்றன. கணக்கு எளிது. சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தை அடியில் அளந்து, 560ஐ அதனால் வகுத்தால் அந்தத் திசையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது அறை தானும் சேர்ந்து முழங்கும் ஒலி, ஹெர்ட்ஸில் கிடைக்கும். 15 அடி நீளத்துக்கு 37, 12 அடி அகலத்துக்கு 47, 10 அடி உயரத்துக்கு 56. இவற்றின் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் இதே தொல்லை மறுபடி வரும். இந்த அறையில் மூன்று எண்களும் தள்ளித் தள்ளி விழுவதால் பரவாயில்லை. 12க்கு 12 சதுர அறையானால் 47 இரண்டு முறை விழும். அந்த ஒரு சுரம் மட்டும் குடத்துக்குள் பேசியதுபோல் முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள அறை கிடைத்தால் அதைப் படுக்கையறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டிக் குளிரில் ஒலியின் வேகம் குறையுமே, கணக்கு மாறாதா என்று கேட்பவர்கள் உண்டு. 20 டிகிரியில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். ஒரு டிகிரி இறங்கினால் சுமார் 0.6 மீட்டர் குறையும். 5 டிகிரிக்கே போனாலும் மாற்றம் மூன்று சதவீதத்தைத் தொடாது. மலையின் உயரத்துக்கும் ஒலியின் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இதை மறந்துவிடலாம். உயரம் வேறோர் இடத்தில் தன் வேலையைக் காட்டும்.

இந்த நிலை அலைகள்தான் நாற்காலியின் இடத்தை முடிவுசெய்கின்றன. முதல் ஒத்ததிர்வின் அழுத்தம் அறையின் நடுவில் அடங்கியும் சுவரோரத்தில் உச்சத்திலும் இருக்கும். அதனால் 15 அடி அறையின் சரிபாதியில் உட்கார்ந்தால் 37 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். சுவரில் முதுகைச் சாய்த்தால் அதே ஒலி ஊதிப் பெருகும். இரண்டுக்கும் இடைப்பட்ட இடமாக, நீளத்தில் 38 சதவீதத் தொலைவில் நாற்காலியைப் போட்டுத் தொடங்குவது வழக்கம். இங்கே அது பின்சுவரிலிருந்து ஏறத்தாழ ஐந்தே முக்கால் அடி. சோபாவை இவ்வளவு தூரம் முன்னால் இழுக்க வீட்டில் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம். இயற்பியல் அதில் உதவாது.

ஸ்பீக்கருக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் முன்முகத்திலிருந்து கிளம்பும் தாழ்ந்த ஒலி பின்பக்கமும் பரவி, பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பி வந்து நேரொலியோடு சேரும். சுவருக்குள்ள தூரம் அலைநீளத்தில் கால்பங்காக இருக்கும்போது திரும்பி வருவது தலைகீழாக வந்து நேரொலியை அழித்துவிடும். 280ஐ அந்தத் தூரத்தால் வகுத்தால் பள்ளம் எங்கே விழும் என்று தெரியும். இரண்டு அடிக்கு 140 ஹெர்ட்ஸ், மூன்று அடிக்கு 93. ஆண் குரலின் நெஞ்சுக் கனம் 140க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ‘பாடகர் மெலிந்துபோய்விட்டார்’ என்று தோன்றினால் ஸ்பீக்கரை மாற்றாதீர்கள். அரையடி நகர்த்திப் பாருங்கள். அந்தச் சுவர், பக்கச்சுவர், தரை மூன்றுக்கும், தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரிலிருந்து ஒரே தூரம் அமைந்துவிட்டால் மூன்று பள்ளங்களும் ஒரே இடத்தில் விழும். அப்படி அமையாமல் பார்த்துக்கொள்வது, விலையுயர்ந்த எந்தக் கேபிளும் தராத பலனைத் தரும். கேபிளைப் பற்றி இங்கே சொல்லப்போவது ஒன்றுதான்: வீட்டுத் தூரங்களுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும்.

இனி மலைவீட்டுக்கே உரிய சங்கதிகள். குன்னூர், கோத்தகிரி, உதகையின் பழைய பங்களாக்களில் ஹாலின் ஒரு சுவர் நடுவே கணப்பு அடுப்பு இருக்கும். அதன் புகைபோக்கிச் சுவர் முன்னால் துருத்தி நிற்க, இரண்டு பக்கமும் மாடம்போல் குழிவு இருக்கும். ஸ்பீக்கர்களை அளவெடுத்து வைத்ததுபோல் அந்தக் குழிவுகளில் கச்சிதமாகப் பொருத்திவிடுவார்கள். பார்க்க அழகு. ஆனால் மூன்று பக்கம் சுவரும் கீழே தரையும் சூழ்ந்த இடத்தில் தாழ்ந்த ஒலி பல டெசிபெல் கூடிவிடும். பெட்டியின் பின்னால் காற்றுத் துளை உள்ள வகையானால் இன்னும் மோசம். நெருப்பு எரியும் நாட்களில் ரப்பர் விளிம்புகளும் மரப்பூச்சும் சூட்டில் காயும், சாம்பல் தூசி, உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டரில் படியும். கணப்பை விட்டுவிட்டு வேறொரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் பெட்டிகளைக் குழிவிலிருந்து வெளியே, துருத்திய சுவரின் முகத்துக்கும் முன்னால் நிறுத்துங்கள்.

பலகைத் தரை அடுத்தது. உத்தரங்களின் மேல் அடித்த பலகை, கீழே வெற்றிடம் என்றால் அந்தத் தரையே ஒரு பறையின் தோல்தான். ஸ்பீக்கரின் அடியில் கூரான ஆணிகளைத் திருகுவது ஹை-எண்ட் உலகில் பழக்கம். சிமென்ட் தரைக்கு அது ஒத்துவரும். பலகைத் தரையில் அந்த ஆணிகள் பெட்டியின் நடுக்கத்தை நேரே பலகைக்குக் கொடுக்கும். ஒரு கடப்பாக் கல்லோ கிரானைட் துண்டோ எடுத்து, அதன் கீழே கெட்டி ரப்பர் துண்டுகள் வைத்து, அதன்மேல் ஸ்பீக்கரை நிறுத்துவது என் விருப்பம். செலவு குறைவு. பலன் உடனே தெரியும், குறிப்பாக மாடியில் வைத்தால் கீழே இருப்பவர்களுக்கு.

பழைய ஜன்னல்களின் கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி காய்ந்து உதிர்ந்திருக்கும். கைப்பேசியில் ஒலி அலை உண்டாக்கும் செயலி ஏதாவது ஒன்றை இறக்கி, அதை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெல்ல ஏற்றிக்கொண்டே அறையைச் சுற்றி நடங்கள். ஓரிடத்தில் கண்ணாடி சிலிர்க்கும், இன்னோரிடத்தில் அலமாரிக் கதவு பல்லைக் கடிக்கும், கூரையடிப் பலகை ஒன்று முனகும். இவற்றை ஒவ்வொன்றாக ஒட்டியும் முடுக்கியும் அடைத்தும் ஒரு மாலையைக் கழியுங்கள். ஸ்பீக்கரில் கோளாறு என்று பட்டியலிட்டதில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

தகரக் கூரைக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. உதகைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. அந்த மழை தகரத்தில் இறங்கும்போது உலகின் எந்த ஸ்பீக்கரும் தோற்கும். உள்ளே பலகைத் தட்டு அடித்து, இடையில் ராக்வூல் எனப்படும் கனிமக் கம்பளி அடைத்தால் ஓரளவு குறையும். மற்ற நாட்களில் நம் மலையின் அமைதி பெரிய சொத்து. நகரத்துப் போக்குவரத்து இரைச்சலை மீறுவதற்காக ஏற்றிவைக்கும் ஒலியளவு இங்கே தேவைப்படாது. தம்பூரா மெல்லத் தேய்ந்து மறைவதை இறுதிவரை கேட்கலாம்.

இப்போது கம்பளிக்கு வருவோம். கம்பளம், திரை, சோபாப் போர்வை என்று துணி நிறைந்த அறையில் கைதட்டினால் எதிரொலி வராது. ‘ஆஹா, ஸ்டுடியோ’ என்று தோன்றும். மெல்லிய துணி உறிஞ்சுவது உயர்ந்த ஒலிகளை மட்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் கால் அலைநீளமே 85 சென்டிமீட்டர். ஒரு அங்குலக் கம்பளம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆக மேலே உள்ள மினுமினுப்பு செத்து, கீழே உள்ள முழக்கம் அப்படியே நிற்கும். வயலின் மங்கி, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பி மட்டும் தொம் தொம் என்று அறையை ஆளும். இதற்குப் பரிகாரம் கம்பளத்தைக் குறைப்பதும் தடிமனைக் கூட்டுவதும்தான். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு கம்பளம் இருக்கட்டும், மற்றவற்றை எடுத்துவிடலாம். மூலைகளில் அரையடிக்குக் குறையாத தடிமனில் கனிமக் கம்பளி அடைத்த துணிச் சட்டங்களைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தலாம். புத்தகம் தாறுமாறாக அடுக்கிய அலமாரி பின்சுவரில் இருந்தால் ஒலி ஒரே முகமாகத் திரும்பாமல் சிதறும். புத்தகங்களை உயர வரிசையில் அடுக்குகிறவர்கள் இந்த ஓர் அறையில் மட்டும் தங்கள் ஒழுங்கைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

பக்கச்சுவரில் எந்த இடத்தில் ஒலி பட்டு முதலில் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் சுவரோடு ஒட்டிக் கண்ணாடியை நகர்த்தட்டும். அதில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் அது. பள்ளத்தாக்கைப் பார்க்கும் பெரிய ஜன்னல் ஒரு பக்கம், வெறும் சுவர் மறுபக்கம் என்பது இங்கே சகஜம். கண்ணாடி பளிச்சென்று திருப்பும். பாட்டு கேட்கும் நேரத்தில் அந்தப் பக்கத் திரையை இழுத்துவிட வேண்டும், காட்சியை விட்டுக்கொடுக்க மனம் வந்தால்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் எந்த ஸ்பீக்கர் என்ற கேள்வி. அறை 12க்கு 15 என்றால் ஆளுயரப் பெட்டிகள் வேண்டாம் என்பேன். அவை 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, அறையின் ஒத்ததிர்வுகளையெல்லாம் தட்டி எழுப்பும். பிபிசி நிறுவனம் 1970களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஓரடி உயரப் பெட்டிக்கு இன்றும் உலகமெங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆழ்ந்த பேஸ் அதில் கிடையாது. ஆனால் மனிதக் குரல் அதில் ஒலிப்பதைக் கேட்டவர்கள் பெட்டியின் அளவைப் பற்றிப் பிறகு பேசுவதில்லை.

விவரத் தாளில் பார்க்க வேண்டியவை இரண்டு மூன்றுதான். ஒன்று உணர்திறன்: 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்ற எண். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஒரு வாட். மூன்று டெசிபெல் கூட்ட வாட் இரட்டிக்க வேண்டும். பத்து டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு. உயரம் தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பீக்கரின் கூம்பு அதே வேகத்தில் ஆடினாலும் தள்ளக் காற்று குறைவாக இருப்பதால் ஒலியழுத்தம் சுமார் இரண்டு டெசிபெல் குறையும். 86 டெசிபெல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பத்தடி தூரத்தில், அறையின் எதிரொலியும் சேர்ந்து ஒரு வாட்டுக்குச் சுமார் 82 டெசிபெல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். தவில் முழங்கும் ஒரு கணத்துக்கு 100 டெசிபெல் வேண்டுமென்றால் சமவெளியில் 63 வாட் போதும், ஊட்டியில் 100 வாட் வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, ஆம்ப்ளிஃபையர் வாங்கும்போது ஒரு படி மேலே வாங்கினால் சரி. கூடவே ஓம் எண்ணையும் பாருங்கள். நான்கு ஓம் ஸ்பீக்கர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். சிறிய ஆம்ப்ளிஃபையர் மூச்சு வாங்கும்.

மற்றது, ஒலி நேரே வருவதும் பக்கவாட்டில் போவதும் ஒரே சாயலில் இருக்கிறதா என்பது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் நடத்தி 1980களில் வெளியிட்ட கேட்புச் சோதனைகளில், எந்தப் பெட்டி என்று தெரியாதபடி மறைத்துக் கேட்கவைத்தார்கள். நேரே சமனாகவும் பக்கவாட்டில் மேடுபள்ளமின்றியும் அளவு காட்டிய ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்பினார்கள். காரணம் விளங்கக்கூடியதுதான். பக்கவாட்டில் போனது சுவரில் பட்டு உங்களிடமே வரப்போகிறது. இன்று சில நிறுவனங்கள் இந்த அளவுப் படங்களை வெளியிடுகின்றன, வெளியிடாதவர்களிடம் கேட்கலாம்.

கடையில் இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதே ‘தெளிவாக இருக்கிறது’ என்று காதுக்குப் படும். கேட்பதற்குக் கடைக்காரர் போடும் கிதார் தட்டை மறுத்துவிட்டு, நீங்கள் நேரில் கேட்டுப் பழகிய இசையைக் கொண்டுபோங்கள். மிருதங்கம் இதற்கு அருமையான உரைகல். சாதாரணத் தோல் கருவிகளின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. வலந்தலையின் கருஞ்சாந்தால் மிருதங்கத்தின் மேற்சுரங்கள் முழு எண் விகிதங்களில் அமைகின்றன என்பதை சி.வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். அதனால்தான் அதற்குச் சுருதி சேர்க்க முடிகிறது. ஸ்பீக்கர் பெட்டி தன் சொந்த முனகலைக் கலந்தால் முதலில் கலங்குவது அந்தச் சுருதி. நாதஸ்வரம் இன்னொன்று. திறந்த வெளிக்கான அந்தக் கூர்மை சிறிய அறையில் காதைக் குத்தாமல், அதே சமயம் மழுங்கிப் புல்லாங்குழலாகிவிடாமல் வந்தால் ட்வீட்டர் நன்று.

வாங்கும் முன் கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றில் அது ஃபோம். ஈரக்காற்றில் ஃபோம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொடிந்து உதிரும். மலைக்கு ரப்பர் விளிம்புதான் தோது. எலக்ட்ரோஸ்டாட்டிக் என்னும் தகடு வகை ஸ்பீக்கர்கள் கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் அவற்றுக்கு ஈரமும் தூசியும் ஆகாது. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே நுழையும் வீட்டில் நான் வாங்கமாட்டேன். எந்தப் பெட்டியானாலும் வியர்க்கும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஒருமுறை நீர் குடித்து உப்பினால் மறுபடி இறங்காது. இடி மின்னல் மாதங்களில் வெளியூர் போனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள்.

நிறுத்தி வைப்பது பொறுமை வேலை. இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எட்டடி என்றால் நாற்காலிக்கும் ஏறக்குறைய அதே தூரம் இருக்கும்படி முக்கோணம் போடுங்கள். ட்வீட்டர் காது உயரத்தில் வரவேண்டும். முதலில் இரண்டையும் நேராகப் பார்க்க வைத்து, ஒரே ஒருவர் பாடும் பாட்டைப் போடுங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில், காற்றில் நிற்க வேண்டும். அகலமாகக் கலைந்து தெரிந்தால் முகங்களைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்புங்கள். ரொம்பக் கூர்மையானால் வெளியே. பிறகு முன்பின்னாக ஒவ்வொரு அங்குலமாக நகர்த்தி, தொப்பியின் ‘தொம்’ இறுகி ஒலிக்கும் இடத்தில் நிறுத்தித் தரையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

காதுக்கு மேல் அத்தாட்சி வேண்டுமென்றால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் போதும். மென்பொருள் வரையும் படத்தில் தெரியும் மேடுகளை, ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரால் குறைக்கலாம். பள்ளங்களை நிரப்ப முயல வேண்டாம். எவ்வளவு ஊற்றினாலும் அறை அதை அழித்துக்கொண்டே இருக்கும், ஆம்ப்ளிஃபையர்தான் களைக்கும். ஆழ்ந்த பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் சேர்ப்பதானால் அதை நாற்காலியிலேயே ஏற்றி வைத்து ஒலிக்கவிட்டு, நீங்கள் தரையோரமாகத் தவழ்ந்து எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே அதை இறக்கிவிடுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

கடைசியாக அட்டைப்பெட்டி. பழுதுபார்க்க ஒருநாள் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்பீக்கரைக் காப்பாற்றப்போவது அந்தப் பெட்டியும் அதனுள் உள்ள தெர்மாகோலும்தான். வெறும் அட்டையாகப் பரணில் போட்டால் ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடித்து நைந்துவிடும்; பாலித்தீனில் சுற்றி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டுக் கட்டி வையுங்கள்.